150 கிராம் கடுகு

அக்டோபர் 4, 2025, சனி

மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தரும் தமாக்சிஃபென் மாத்திரை ஆரம்பித்து ஒரு வருடம். இன்னும் 4 வருடமாவது போட வேண்டும். மாத்திரையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், திடீரென்று கழுத்தில் ஏறும் அனலைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் சேலத்து வெயில் என்று சமாளித்தேன். இன்று மழை, பொய் எடுபடவில்லை.

மார்பை எடுத்த இடது பக்கம் வைக்கும் பஞ்சுப் பையைப் பிரித்துத் தைத்தேன். வெறும் பஞ்சு என்றால் ஜாக்கெட் மேலே ஏறிக்கொள்கிறது, அடியில் கனம் வேண்டும். அதற்குத்தான் கடுகு. (துவைக்குமுன் எடுத்துவிட வேண்டும். முதல் தடவை மறந்துபோய், முளைவிட்டது!) பக்கத்து வீட்டுக் கொலுசுப் பட்டறையில் வெள்ளி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். 150 கிராம். பட்டறை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, “எனக்கும் இங்க ஒண்ணு தட்டுப்படுது கண்ணு. வலியே இல்ல, ஒண்ணுமிருக்காது” என்றார்.

எனக்கும் வலிக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்கிறார் பட்டறை அக்கா. நானும் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போட்டவள்தான். டாக்டரிடம் போனபோது அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. அதை எடுத்ததிலிருந்து இடது கையில் ஊசியும் பிரஷர் பட்டையும் வேண்டாமென்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“கத்தி பட்டா பரவிடுமாமே?”

இதைச் சொல்லாத ஆள் நம் ஊரில் உண்டா? ஊசியில் துளி சதை எடுத்துப் பார்ப்பதால் பரவாது, பார்க்காமல் மருத்துவமும் தொடங்க முடியாது என்றேன். கேட்கிறாற்போல் இல்லை. ஜாக்கெட்டைக் கழற்றித் தழும்பைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார்.

“வியாழக்கிழம போலாம்.”

அக்டோபர் 9, வியாழன்

மேமோகிராம், ஸ்கேன், ஊசி. அக்கா என் வலது கையை நசுக்கிவிட்டார்.

வரிசையில் ஏற்காட்டு எஸ்டேட்டில் மிளகு பறிக்கும் அம்மா ஒருவர். ஆபரேஷன் முடிந்து கீமோ. முதல்வர் காப்பீட்டு அட்டையில் செலவு போய்விடுகிறதாம். ஆனால் மருந்து ஏறிய வயிற்றோடு 20 கொண்டை ஊசி வளைவு பஸ்ஸில் ஏறுவதை நினைத்தாலே குமட்டுகிறதாம். ராத்திரி எங்கள் வீட்டில் தங்கச் சொன்னேன். கூச்சப்பட்டார், வந்தார்.

அக்டோபர் 10, வெள்ளி

எது சாப்பிட்டாலும் வாயில் இரும்பு ருசி என்கிறார் ஏற்காட்டு அம்மா. எலுமிச்சை ரசம் மட்டும் இறங்கியது. கொடியில் காய்ந்த என் பஞ்சுப் பையைக் கையில் வைத்து நெடுநேரம் எடை பார்த்தார்.

“எனக்கு இன்னுங் கொஞ்சம் கனமா வேணுங்க.”

பட்டறை அக்கா போய்த் தராசையே தூக்கிக்கொண்டு வந்தார். 210 கிராம். அக்காவின் ரிப்போர்ட் அடுத்த வாரம்.