மணிக்கணக்கில் தேயும் சரக்கு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்து, ரொறன்ரோவில் ஒரு மருத்துவமனையின் கதிர்மருந்தகத்தில், அதாவது கதிரியக்க மருந்துகள் தயாரிக்கும் பிரிவில், வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் திரும்பிய பின் கோண்டாவிலில் என்னைக் காண வருபவர்கள் கதிர்வீச்சின் கெடுதியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வேலையில் எங்களை ஆட்டிப்படைத்தது நேரம்தான் என்றால் நம்ப மறுக்கிறார்கள்.

எலும்பையும் இதயத்தையும் படம்பிடிக்க உலகெங்கும் அதிகம் பயன்படும் தெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்க ஐசோடோப்பின் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகத் தேயும் காலம், 6 மணித்தியாலம். அதை வாங்கி இருப்பில் வைக்க முடியாது. ஆகவே 66 மணித்தியால அரைவாழ்வு கொண்ட, தேய்ந்து தெக்னீசியமாக மாறும் அதன் தாயான மொலிப்டினம்-99, அணு உலையில் யுரேனியப் பிளவிலிருந்து பெறப்பட்டு, அலுமினா நிரப்பிய சிறு குழாயில் பிடித்துவைக்கப்பட்டு, ஈயக் கவசத்துக்குள் எங்களிடம் வந்து சேரும். காலையில் ஒரு முனையில் உப்புக்கரைசற் குப்பியையும் மறுமுனையில் வெற்றிடக் குப்பியையும் குத்தினால், கரைசல் குழாயூடாக இழுபட்டு மகளான தெக்னீசியத்தை மட்டும் கழுவிக்கொண்டு வரும். தொழிலில் இதைப் பால் கறத்தல் என்போம்; மறுநாள் காலைக்குள் மடி மீண்டும் நிறைந்துவிடும். வருவது தண்ணீர்போலத் தெளிவாக இருந்தாலும், தாய் கசிந்திருக்கிறதா என்று அளக்காமல் எவருக்கும் ஏற்ற முடியாது. கதிரியக்கத்தை அளக்கும் அலகான கியூரியில் சொன்னால், ஒரு மில்லிகியூரி தெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரிக்கு மேல் மொலிப்டினம் இருந்தால் அன்று கறந்தது முழுவதும் கழிவு.

இந்தச் சரக்கின் விலைபேசும் முறையும் விசித்திரமானது. உற்பத்தியாளரின் வாசலை விட்டு வெளியேறி ஆறு நாள் கழித்து எவ்வளவு மிஞ்சுமோ அந்த அளவையே கணக்கில் எடுப்பார்கள். அப்போது மிஞ்சுவது 22 வீதம்தான் என்பதால், ஒரு பங்கு விற்க நாலரைப் பங்கு செய்தாக வேண்டும். விமானம் தவறினால் மணிக்கு நூற்றுக்கு ஒன்றாகப் பணம் காற்றோடு போகும்.

2009 மே மாதத்தில், 1957 முதல் இயங்கிவந்த, மொலிப்டினம் தந்துகொண்டிருந்த கனடாவின் சோக் ரிவர் அணு உலையில் கனநீர் கசிந்து, அது 2010 ஓகஸ்ட் வரை மூடிக்கிடந்தது. வன்னியில் போர் முடிந்ததும் அதே நாட்களில்தான். மருத்துவமனையில் எவருடைய படத்தைத் தள்ளிப்போடலாம் என்று பட்டியல் பிரித்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்தால் தொலைபேசியில் வேறு பட்டியல். இதயத்துக்குப் பழைய தாலியம்-201ஐ மீண்டும் எடுத்துச் சமாளித்தோம். உலகத் தேவையின் பெரும்பகுதியை நாலைந்து கிழட்டு உலைகளின் தலையில் சுமத்தியிருந்தது எவ்வளவு பெரிய மடமை என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

கைத்தொழிலுக்கும் பாதுகாப்புக்கும் ஐசோடோப்பு செய்பவர்களுக்கு இந்த அவதி குறைவு. குழாய்களின் ஒட்டுகளைப் படம்பிடிக்கும் இரிடியம்-192க்கு அரைவாழ்வு 74 நாள், கிருமிநீக்கும் கோபாற்று-60க்கு ஐந்து வருடத்துக்கும் மேல். விமான நிலையத்தில் பயணப்பையைத் துணியால் துடைத்து வெடிமருந்துத் தடயம் தேடும் கருவிகள் சிலவற்றில் இருக்கும் நிக்கல்-63க்கோ ஏறக்குறைய நூறு வருடம்.

‘தம்பி, பெட் ஸ்கானுக்கு ஏன் நாங்கள் கொழும்புக்கு அலையவேணும்?’ என்று அயலில் ஒரு அக்கா கேட்டார். புற்றுநோயைத் தேடிப் படம்பிடிக்கும் அந்த ஸ்கானுக்கு வழமையாகத் தேவைப்படும் ஃபுளோரின்-18, சைக்ளோத்திரன் என்னும் துகள்முடுக்கியில் செய்யப்படுவது, அரைவாழ்வு 110 நிமிடம். அதைக் கொழும்பில் வாகனத்தில் ஏற்றினால், எட்டு மணித்தியாலம் கழித்து யாழ்ப்பாணத்தில் இறங்குவது இருபதில் ஒரு பங்கு. அதற்காக இங்கே சைக்ளோத்திரன் கட்டவேண்டும் என்று மேடையில் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜேர்மானியம்-68இன் அரைவாழ்வு 271 நாள். அதை அடைத்த ஒரு பெட்டி, தெக்னீசியத்தைப் போலவே கறந்து பெட் ஸ்கானுக்குப் பயன்படுத்தக்கூடிய, 68 நிமிடத்தில் பாதியாகும் கலியம்-68ஐ ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு இங்கேயே தரும். எல்லாப் புற்றுநோய்க்கும் அது உதவாது, புரொஸ்டேற் புற்றுக்கும் நரம்புநாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்கும் நன்றாக உதவும். பெட் கமெராவின் விலை பெரிய தடைதான். ஆனால் பெட்டி இறங்கிய நாளிலிருந்தே தேயத் தொடங்கிவிடும் என்பதால், கறக்கவும் சோதிக்கவும் தெரிந்த இரண்டு மூன்று பிள்ளைகளை அதற்கு முன்னமே பழக்கிவைக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் மாணவர்களிடையே அவர்களைத் தேடலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.