மாமாவின் பி பாசிட்டிவ்

அன்றைக்கு எனக்கு நைட் டூட்டி. தாலுகா ஆஸ்பத்திரி லேப்பில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் வேலை குறைந்துவிடும். பாம்புக்கடி கேஸ் வந்தால் ரத்தம் உறைகிறதா என்று இருபது நிமிஷம் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் கேஷுவாலிட்டியிலிருந்து இரண்டு சாம்பிள் வந்தது. இரண்டுமே ஹார்ட் அட்டாக். ஒரு சீட்டில் சின்ன மாமாவின் பெயர்.

பெயர் ஒன்றாக இருக்கும், ஆள் வேறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். மாமாதான். பஞ்சர் கடைக் கை, நகக்கண் எல்லாம் கறுப்பு. என்னைப் பார்த்ததும் "வா தாயி, ஒண்ணுமில்ல, வாயுப் பிடிப்பு" என்றார். வியர்வையில் பனியன் ஒட்டிப்போயிருந்தது. ஈசிஜி பேப்பரில் எஸ்டி, அதாவது மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் கோடு, மலை மாதிரி ஏறி நின்றது. வாயுப் பிடிப்புக்கு அப்படி ஏறாது.

ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நர்ஸம்மா 14 மாத்திரையை எண்ணிக் கையில் கொடுத்து விழுங்க வைத்துத்தான் 108-இல் ஏற்றியிருந்தார். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்து லோடிங் டோஸ், முதலில் ஒரேயடியாகக் கொடுக்கும் அளவு. "சோறு சாப்பிடுற மாதிரி அள்ளிப் போட்டுட்டாங்க தாயி" என்று அந்த நிலையிலும் மாமாவுக்குக் கிண்டல்.

டாக்டர் லைசிஸ் செய்ய, அதாவது ஊசி போட்டு அடைப்பைக் கரைக்க, முடிவெடுத்தார். மாமா 72 கிலோ, அதற்கு டெனெக்டெப்ளேஸ் 40 மில்லிகிராம், ஒரே தள்ளில் நரம்பில் போய்விடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாருக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ்தான். 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டும். பாதியில் பிரஷர் இறங்கும், சிலருக்கு உடம்பெல்லாம் தடிக்கும், எல்லாரும் கட்டிலைச் சுற்றி நிற்போம். இப்போது ஊசியைத் தள்ளிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் வேலை.

எங்காவது ரத்தக் கசிவு வந்துவிட்டால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்று குரூப்பிங் கேட்டிருந்தார்கள். வெள்ளை டைலில் மாமாவுக்கு ஒரு வரிசை, பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒரு வரிசை. ஆளுக்கு மூன்று சொட்டு. முதலாவதில் நீல ஆன்டி-ஏ, இரண்டாவதில் மஞ்சள் ஆன்டி-பி, மூன்றாவதில் நிறமில்லாத ஆன்டி-டி. முதல் இரண்டில் எது கட்டுகிறதோ அதுதான் குரூப், மூன்றாவது கட்டினால் பாசிட்டிவ். குச்சியால் கலக்கி, டைலைக் கையிலெடுத்து மெல்ல ஆட்டினேன். மாமாவின் வரிசையில் இரண்டாவது சொட்டு முதலில் மணல் மாதிரி ஆனது, பிறகு பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாகப் பிரிந்தது. மூன்றாவதும் கட்டியது. பி பாசிட்டிவ். கீழ் வரிசையில் முதல் இரண்டும் செந்தூரம் கரைத்த தண்ணீர் மாதிரி அப்படியே கிடந்தன, மூன்றாவது மட்டும் கட்டியது. ஓ பாசிட்டிவ்.

ஊசி போட்டு நாற்பது நிமிஷத்தில் ஓ பாசிட்டிவ்காரருக்கு வலி நின்றுவிட்டது. நடுவில் இதயத் துடிப்பு கொஞ்சம் தாறுமாறாக ஓடியது. அடைப்பு திறக்கும்போது அப்படி ஆவதுண்டு, டாக்டர் முகத்தில் சிரிப்பே வந்தது. 90 நிமிஷத்து ஈசிஜியில் எஸ்டி தரையோடு தரை. மாமாவுக்கு அதே மருந்து, அதே பெட்டியிலிருந்து எடுத்தது. எஸ்டி பாதிகூட இறங்கவில்லை. பாதியாவது இறங்கினால்தான் மருந்து வேலை செய்ததாகக் கணக்கு. விடியற்காலை மதுரைக்கு ஏற்றி அனுப்பினோம். அங்கே பலூன் விட்டு ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஆம்புலன்ஸ் போனபிறகு லேப்புக்கு வந்தேன். டைல் கழுவாமல் காய்ந்து கிடந்தது. ஏ, பி சொட்டுகளை மட்டும் பார்த்தால் கட்டியது ஒரு வரிசை, கட்டாதது ஒரு வரிசை. கட்டாதவர் பிழைத்தார், கட்டியவருக்குக் கரையவில்லை. தூக்கமில்லாத மூளைக்கு இது போதும். டைலில் கட்டுவது வேறு, நாளத்தில் உறைவது வேறு என்று எனக்குத் தெரியும், பதினெட்டு வருஷமாக வருகிற பயிற்சிப் பிள்ளைகளுக்கு நானே சொல்லித்தருகிறேன். ஆனாலும் மனசு விடவில்லை.

படிக்க ஆரம்பித்தேன். படித்தால் நான் நினைத்தது முழுப் பைத்தியக்காரத்தனமும் இல்லை.

ரத்த குரூப் என்பது சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. ஏ-க்கு ஒரு சர்க்கரை, பி-க்கு வேறொன்று, ஓ-வுக்கு அந்தக் கடைசிக் கண்ணியே கிடையாது. 1901-இல் வியன்னாவில் லேண்ட்ஸ்டெய்னர் என்ற விஞ்ஞானி ரத்த குரூப்களைப் பிரித்துக் காட்டியபோது சிவப்பணுவோடு முடிந்த விஷயமாகத்தான் இருந்தது. ஆனால் அதே சர்க்கரை ரத்தத்தில் மிதக்கும் வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர் என்ற புரதத்திலும் ஒட்டியிருக்கிறது. இந்தப் புரதத்துக்குப் பசை வேலை. நாளத்தில் கீறல் விழுந்தால் தட்டணுக்களைப் பிடித்து இழுத்து ஒட்டவைக்கும். ஓ குரூப்காரர்களின் உடம்பு இதைச் சீக்கிரம் கழித்துவிடுகிறது. அதனால் மற்றவர்களைவிட அவர்களுக்கு இது சுமார் 25 சதவீதம் குறைவு.

லைசிஸ் ஊசி வெட்டுவது ஃபைப்ரின் என்ற நூலை. மருந்து ரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தை உசுப்பிவிடும், அது பிளாஸ்மினாக மாறி நூலை நறுக்கும். தட்டணுவும் பசையும் சேர்ந்து இறுகிய பகுதிக்குள் அதற்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் கூடவே போவது அதனால்தான். அப்படியானால் பசை கூடுதலாக உள்ள ஏ, பி, ஏபி ஆட்களின் அடைப்பு கரையச் சண்டித்தனம் செய்யுமோ என்று யாருக்கும் தோன்றும். தோன்றி, ஆராய்ந்தும் இருக்கிறார்கள். ஆனால் லைசிஸுக்கு முன்னால் எந்த வழிகாட்டு நெறியும் ரத்த குரூப்பைக் கேட்பதில்லை. நேரம், வயது, எடை, பிரஷர், மூளையில் எப்போதாவது ரத்தம் கசிந்ததா, சமீபத்தில் ஆபரேஷன் உண்டா. இவைதான் கேள்விகள்.

மாரடைப்பு வரும் வாய்ப்பைப் பற்றிப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. 2012-இல் ஹார்வர்டுக்காரர்கள் சுமார் 90,000 பேரை இருபது வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து எழுதியது. ஓ-வைவிட ஏபி-க்கு 23 சதவீதம், பி-க்கு 11, ஏ-க்கு 5 கூடுதல். கேட்க பயங்கரமாக இருக்கும். நூறு ஓ ஆட்களில் பத்துப் பேருக்கு வருமென்றால் நூறு பி ஆட்களில் பதினொரு பேர், அவ்வளவுதான். மாமா நாற்பது வருஷமாக இழுத்த பீடியை எந்தச் சர்க்கரைச் சங்கிலியில் கோத்து வைப்பது?

இன்னொன்றையும் படித்தேன், தனியாக உட்கார்ந்து சிரித்தேன். 1988-இல் வந்த ஐசிஸ்-2 என்ற ஆய்வு. 17,187 பேர். ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் மாரடைப்பில் உயிரைக் காக்கும் என்று நிரூபித்த பெரிய ஆய்வுகளில் ஒன்று. வயது வாரியாக, ஆண் பெண் வாரியாக, இன்னும் பலவாறாகப் பிரித்துக் காட்டச் சொல்லி, ஆய்வை வெளியிட்ட மருத்துவப் பத்திரிகைக்காரர்கள் கேட்டார்களாம். சரி, கூடவே ராசி வாரியாகவும் போடுவோம் என்று போட்டுவிட்டார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை! மற்ற பத்து ராசிக்கும் நன்றாகவே பலித்தது. கூறு போட்டுக்கொண்டே போனால் இப்படித்தான் ஏதாவது கிடைக்கும் என்று காட்டுவதற்காகச் செய்த குறும்பு. மாமா காந்தி ஜெயந்தியன்று பிறந்தவர். வெள்ளைக்காரன் கணக்கில் துலாம். (நம் கணக்கில் வேறு ராசி. அதைச் சொன்னால் அத்தை ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.) பதினேழாயிரம் பேரை வைத்தே துலாமுக்கு ஆஸ்பிரின் ஆகாது என்று வந்ததென்றால், ஒரு டைலில் இரண்டு வரிசையை வைத்து நான் என்ன கண்டுபிடித்தேன்?

இதையெல்லாம் மாமாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆசையாகக் கேட்டார், சொல்லிவிட்டேன். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "நம்மளது பி குரூப்பு, ஊசி போட்டாலும் கரையாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தை போன் செய்து தனக்கு என்ன குரூப் என்று கேட்டார். ஓ என்றேன். "அப்ப எனக்கு வராதுல்ல?" என்றார். வரும் அத்தை, சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள் என்றதற்கு போனை வைத்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைப்பக்கம் போயிருந்தேன். பீடி வாசனை இல்லை, அது வரைக்கும் சந்தோஷம். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். 1986-இல் இத்தாலியில் செய்த ஆய்வைப் பற்றிச் சொன்னேன். வலி வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏறியவர்களில் சாவு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது, ஆறு மணி நேரம் தாண்டியவர்களுக்குப் பெரிய பலனில்லை. அடைப்பு நேரம் ஆக ஆக இறுகும் மாமா, உங்கள் பஞ்சர் சொல்யூஷன் மாதிரி என்றேன். அந்த ஓ பாசிட்டிவ்காரர் வலி வந்த முக்கால் மணி நேரத்தில் எங்கள் வாசலில் நின்றவர்.

மாமா டியூபை உரசிக்கொண்டிருந்தார். கேஸ் ஷீட்டில் வலி ஆரம்பித்த நேரம் ராத்திரி ஒன்பது என்றிருக்கும். மாமா சொல்லி டாக்டர் எழுதியது. ஊசி போட்டது பன்னிரண்டே காலுக்கு.

"ஒன்பது இல்ல தாயி" என்றார், தலையை நிமிர்த்தாமல். "அஞ்சரைக்கே பிடிச்சுக்கிச்சு. லாரி டயரு கழட்டிக்கிட்டு இருந்தேன். ரெண்டு கோலி சோடா குடிச்சேன், ஜெலுசில் போட்டேன். டாக்டர் திட்டுவாருன்னு ஒன்பதுன்னு சொல்லிட்டேன்."

பிறகு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார்.