வக்கீல் தொழிலை விட்ட பாவா
இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா முதலில் வக்கீல். பெந்தோட்டை அருகே லுனுகங்க என்ற பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கிச் செப்பனிட ஆரம்பித்தபோதுதான் கட்டடக்கலை அவரைப் பிடித்துக்கொண்டது. லண்டனில் படித்து முடிக்கையில் வயது 38!

எனக்கு அவருடைய கூரைதான் ரொம்பப் பிடிக்கும். நெளி சிமெண்ட் தகட்டின் மேல் அரைவட்ட நாட்டு ஓடுகளைப் பரப்பினார். மழையைத் தடுப்பது தகடு, கண்ணுக்குத் தெரிவது ஓடு. நவீனம் என்றாலே தட்டைக் கூரை என்று யார் சொன்னது? இலங்கை மழையில் அது என்ன பாடுபடும்!

அப்புறம், தம்புள்ளைக்குப் பக்கத்தில் கந்தலம ஹோட்டல். பாறையை உடைக்காமல் நடைவழிக்குள்ளேயே விட்டுவைத்தார். வெளிப்புறத்தைச் செடிகொடிகள் மூடிவிட்டதால் தூரத்திலிருந்து பார்த்தால் காடுதான். கோட்டேயில் உள்ள இலங்கை நாடாளுமன்றமும் (1982) அவர் கட்டியதே. சரி, அவர் கட்டடங்களில் என் ஓட்டு கந்தலமவுக்குத்தான்.