கோ ஷெட்யூலரின் 256 இடங்கள்

பல கோர்களில் இயங்கும் ஷெட்யூலருக்கு (எந்த வேலை எப்போது, எங்கே ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதி) வரிசை அமைக்க உட்காரும் எவரும், லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) இல்லாமல் எழுத முடியுமா என்றுதான் முதலில் யோசிக்கிறோம். அதற்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டியவை இரண்டு: வரிசையின் தலையையும் வாலையும் குறிக்கும் எண்களில் எதை யார் மாற்றலாம், இடம் தீர்ந்தால் என்ன செய்வது. கோ மொழியின் ரன்டைம் (நிரலோடு சேர்ந்தே ஓடும் அடிப்படை மென்பொருள்) இவ்விரண்டுக்கும் தெளிவான விடை வைத்திருக்கிறது.

டிமித்ரி வியூகோவ் வடிவமைத்து, 2013-இல் கோ 1.1 உடன் வெளிவந்த ஷெட்யூலர் இது. அதற்கு முன்பு எல்லாக் கோரூட்டீன்களும் (கோ நிரலில் ஒரே காலத்தில் ஓடும் சிறு வேலைகள்) ஒரே பொது வரிசையில், ஒரே லாக்கின் கீழ் காத்து நின்றன. இப்போது 'பி' எனப்படும் ஒவ்வொரு செயலி அலகுக்கும் 256 இடங்கள் கொண்ட சொந்த ரிங் பஃபர், அதாவது வளைய வடிவ வரிசை, உண்டு. புதியது சேரும் இடத்தைக் குறிக்கும் அதன் வால் எண்ணைச் சொந்தக்கார பி மட்டுமே எழுதும். அடுத்து எடுக்க வேண்டியதைக் குறிக்கும் தலை எண்ணையோ, அதுவும் வேலையைத் திருட வரும் பிற பி-க்களும் கம்பேர் அண்ட் ஸ்வாப் (மதிப்பு மாறாமல் இருந்தால் மட்டும் புதியதை எழுதும், இடையில் குறுக்கிட முடியாத செயல்) மூலம் போட்டியிட்டு நகர்த்தும். இரண்டும் 256-ஐ எட்டியதும் சுழியத்துக்குத் திரும்பாமல் ஏறிக்கொண்டே போகும் 32 பிட் எண்கள் என்பதால், வாலிலிருந்து தலையைக் கழித்தாலே நிரம்பிய அளவு கிடைத்துவிடுகிறது. காலியா, நிரம்பியதா என்று பிரித்தறிய ஓர் இடத்தை வீணாக்க வேண்டியதில்லை.

திருட்டுதான் நுணுக்கமான பகுதி. வேலையில்லாத பி, இன்னொன்றின் தலையை முதலில் படித்து, அடுத்து வாலைப் படித்து, இடையிலுள்ளதில் பாதியை எடுக்க முனைகிறது. அந்த இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே சொந்தக்கார பி பலவற்றை எடுத்தும் சேர்த்தும் இருக்கலாம். அப்போது பழைய தலையும் புதிய வாலும் சேர்ந்து, இல்லாத ஓர் எண்ணிக்கையைக் காட்டும். ஆகவே பாதி என்று கணக்கிட்டது 128-ஐத் தாண்டினால், மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொல்லும் ஒரு சிறு சோதனை அங்கே இருக்கிறது. தாண்டாத பிழைகளைத் தலை மீதான கம்பேர் அண்ட் ஸ்வாப் பிடித்துவிடும். நகலெடுத்து முடித்த பிறகே தலை நகர்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்: முந்தி நகர்த்திவிட்டால், இடம் காலி என்று எண்ணிச் சொந்தக்கார பி அங்கே புதிய கோரூட்டீனை எழுதிவிடும்.

வளையம் நிரம்பினால் அதில் பாதியான 128 கோரூட்டீன்களும் புதிதாக வந்ததும் ஒன்றாகப் பொது வரிசைக்குப் போகின்றன. அங்கே லாக் உண்டு. ஆனால் 129 பேருக்கும் சேர்த்து ஒரே முறைதான்.

தலையும் வாலும் இங்கே அடுத்தடுத்த நினைவிடங்களில் இருக்கின்றன. வலைப்பின்னல் பொதிகளை வேகமாகக் கையாளும் நிரலகமான டிபிடிகே-யின் வளையம் இவற்றைத் தனித்தனி கேஷ் லைன்களில் (கோர்கள் நினைவகத்தைத் தம்மிடம் எடுத்துவரும் சிறு துண்டுகள்) வைக்கிறது. இதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். டிபிடிகே-யில் போடுபவரும் எடுப்பவரும் பெரும்பாலும் வெவ்வேறு கோர்கள். கோ மொழியில் இரண்டையும் அநேகமாக ஒரே பி தொடுகிறது, வேலை தீர்ந்த பி மட்டுமே திருட வருகிறது.

வலைப்பின்னல் நிகழ்வுகளுக்குத் தனி வழி. கையில் வேலை இல்லாத பி, லினக்ஸில் ஈபோலைக் (எந்த இணைப்பில் தரவு வந்திருக்கிறது என்று சொல்லும் வசதி) கேட்டுப் பார்க்கும். எல்லா பி-க்களும் மும்முரமாக இருந்தால் கேட்க ஆளிருக்காது என்பதால், பி இல்லாமலேயே ஓடும் கண்காணிப்புத் திரி, கடைசியாகக் கேட்டு 10 மில்லி விநாடி கடந்திருந்தால் தானே கேட்டு, விழித்த கோரூட்டீன்களைப் பொது வரிசையில் சேர்க்கிறது. ஒவ்வொரு பி-யும் தன் ஒவ்வொரு 61-ஆவது சுற்றிலும் பொது வரிசையை முதலில் பார்ப்பது இதனால்தான் முக்கியமாகிறது: அது இல்லாவிட்டால், ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே இருக்கும் இரண்டு கோரூட்டீன்கள் ஒரு பி-யைத் தமக்கே வைத்துக்கொள்ளும், தரவு வந்து சேர்ந்த பின்பும் அதற்குரிய கோரூட்டீன் வரிசையிலேயே கிடக்கும்.