விளக்கை அணைத்தும் நிற்காத சண்டை

20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உலக ஐஸ் ஹாக்கிப் போட்டி 1977இல்தான் அதிகாரபூர்வமானது. முதல் நான்கு வருடமும் தங்கம் சோவியத்துக்கே. சரி, அதை விடுங்கள். எனக்குப் பிடித்த கதை 1987 ஜனவரி 4, செக்கோஸ்லோவாக்கியாவின் பியெஷ்தானி ஊரில் நடந்தது.

அப்போது இறுதிப்போட்டி என்று தனியாகக் கிடையாது. எல்லா அணியும் எல்லா அணியோடும் மோத வேண்டும், புள்ளிக் கணக்கில்தான் பதக்கம். கடைசி ஆட்டத்தில் சோவியத்துக்கு எதிராகக் கனடா 4-2 என முன்னிலை. ஐந்து கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் தங்கம், தோற்றாலும் வெண்கலம் உறுதி. சோவியத்துக்கோ எந்தப் பதக்க வாய்ப்பும் இல்லை.

இரண்டாம் பகுதியில் கைகலப்பு. வெளியே உட்கார்ந்திருந்தவர்களும் களத்துக்குள் குதிக்க, பனித்தரை முழுக்கக் கையுறையும் மட்டையும். நடுவர்களால் முடியவில்லை. கடைசியில் அரங்கத்தின் விளக்கையே அணைத்துப் பார்த்தார்கள். பையன்கள் இருட்டிலும் விடாமல் அடித்துக்கொண்டார்கள்!

இரண்டு அணிகளும் தகுதிநீக்கம். கையில் இருந்த வெண்கலமும் கனடாவுக்குப் போச்சு. தங்கம் பின்லாந்துக்கு. அந்தச் சண்டையில் இருந்த கனடாவின் ஷனஹான், ஃப்ளூரி, சோவியத்தின் ஃபெதொரோவ், மொகில்னி எல்லாரும் அப்புறம் வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் பெரிய நட்சத்திரங்கள். ஷனஹானும் ஃபெதொரோவும் டெட்ராய்ட்டில் ஒரே அணியில் ஆடி, அந்த லீக்கின் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையே வென்றார்கள்.