உட்கார்ந்ததும் பிளைண்ட் வைக்கலாமா?

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடியாமல் கம்பெனியை விட்டு யாரும் கிளம்ப முடியாது. அதனால் எங்கள் மொட்டைமாடி போக்கர் சீட்டாட்டத்துக்கு ஆட்கள் ஒவ்வொருவராகத்தான் வந்து சேர்வார்கள். காசு கிடையாது, வெறும் சிப்தான். பிளைண்ட் என்பது சீட்டு வாங்குமுன்னே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் சிப்; சிறியது ஸ்மால் பிளைண்ட், அதற்கு இடப்பக்கத்தவர் வைக்கும் பெரியது பிக் பிளைண்ட். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இந்த முறை இடப்பக்கமாக ஒரு ஆள் நகரும். ஆனாலும் பாதியில் வந்து உட்காருகிறவர் பிளைண்டை எப்போது வைப்பது என்பதில் வாராவாரம் பஞ்சாயத்து.

போனில் ஆடிப் பழகியவர்களுக்கு இந்த யோசனையே வந்ததில்லை. 'பிக் பிளைண்டுக்குக் காத்திரு' என்று ஒரு கட்டம் இருக்கும், டிக் அடித்தால் தீர்ந்தது. 2025இல் வந்த மத்திய சட்டம், ஆன்லைனில் காசு கட்டி ஆட வைப்பதையே தடை செய்துவிட்டது. அப்புறம் நேரில் ஆட வந்தவர்கள் இந்த இடத்தில் முழிக்கிறார்கள்.

விஷயம் இதுதான். பிக் பிளைண்ட் தன் முறைக்கு வரும்வரை சும்மா இருக்கலாம். அவசரமென்றால் அதே அளவு சிப்பை வைத்துவிட்டு உடனே சீட்டு வாங்கலாம். வைத்தது வீணாகாது, யாரும் ரெய்ஸ் செய்து பந்தயத்தை ஏற்றாவிட்டால், மேலே எதுவும் போடாமல் செக் சொல்லலாம், கை நன்றாக இருந்தால் ரெய்ஸும் செய்யலாம். இந்த விதி இல்லாவிட்டால், பிளைண்ட் தாண்டியதும் வந்து உட்கார்ந்து, ஓசியில் ஆடிவிட்டு, தன் முறை வருமுன் நழுவிவிடுவார்கள்.

என் மாப்பிள்ளை போன வாரம் வந்ததும் பிக் பிளைண்டுக்கு இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏனுங்க மாமா, பத்து சிப்தானுங்க, வெச்சுட்டு ஆடறனுங்க" என்றார். அடுத்த ஆட்டத்தில் பிக் பிளைண்டே அவருடையது! இப்போது பத்து, அடுத்ததற்குப் பத்து. அதுவும் எல்லோருக்கும் முன்னால் பேச வேண்டிய மோசமான இடத்தில். அந்த நாற்காலியில் ஒரு ஆட்டம் பொறுப்பதுதான் சரி.

வைக்க நல்ல இடம் பட்டனுக்கு வலப்பக்கம். பட்டன் என்பது சீட்டுப் போடுகிறவர் இடத்தைக் காட்டும் வில்லை; அதற்கு இடப்பக்கம்தான் பிளைண்டுகள், அதுவும் ஆட்டத்துக்கு ஆட்டம் இடப்பக்கம் நகரும். பட்டனுக்கும் பிளைண்டுகளுக்கும் நடுவே வந்தவரைப் பொதுவாக உள்ளே விடுவதில்லை. பட்டன் அவரைத் தாண்டியதும் அவர் இருப்பது அந்த வலப்பக்க இடம்தான். நான் பனியன் கம்பெனிக்காரன், எதையும் பீஸ் ரேட்டில்தான் பார்ப்பேன். ஒன்பது பேர், பிளைண்ட் 5–10 என்றால் ஒரு சுற்றுக்குப் பதினைந்து சிப், ஆட்டத்துக்கு 1.67. பட்டனுக்கு வலப்பக்கம் பத்து வைத்தால் பிக் பிளைண்ட் வருமுன் ஆறு ஆட்டம், அதே 1.67! நஷ்டமே இல்லை. அந்த முதல் ஆட்டத்தில் நமக்குப் பின்னால் பேச மூன்றே பேர் என்பது கூடுதல் சௌகரியம்.

ஆறு பேர் மேசையில் கணக்கு மாறும். சுற்றில் ஆட்டத்துக்கு 2.5, வலப்பக்கத்தில் வைத்தால் 3.33. மூன்று ஆட்டம்தானே, நான் காத்திருப்பேன். எதிரே எந்தக் கை வந்தாலும் விடாமல் பந்தயத்துக்கு ஈடாகச் சிப் போட்டு (call) ஆடுகிற ஆள் உட்கார்ந்திருந்தால் மட்டும் வைத்துவிடுவேன்.

நடுவில் எழுந்து போய் இரண்டு பிளைண்டையும் தவறவிட்டவர் திரும்பியதும் உடனே ஆட நினைத்தால் இரண்டையும் வைக்க வேண்டும். அதில் பிக் பிளைண்ட் அவர் கணக்கில் நிற்கும், ஸ்மால் பிளைண்ட் நேராக நடுவிலுள்ள பந்தயக் குவியலுக்குள் (pot) போய்விடும். போன் பேச மாடிப்படி இறங்குகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.