டி.எஸ்.எச். 5.8

சர்க்கரை ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் எங்கள் லேப் கவுண்டரில் நிற்பதில்லை. எண்ணைப் பார்த்ததும் அவர்களுக்கே தெரிந்துவிடும், முந்தின நாள் கல்யாண வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்று. தைராய்டு ரிப்போர்ட் வாங்குகிறவர்கள்தான் நகர மாட்டார்கள். "ஏனுங்க சிஸ்டர், இது ஒண்ணு மட்டும் கறுப்பா அடிச்சிருக்குது?"

கறுப்பாக அடித்திருப்பது டி.எஸ்.எச். 5.8. பக்கத்தில் எங்கள் கிட்டின் வரம்பு, 0.4 முதல் 4.5 வரை. தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி3, டி4 இரண்டும் சரியாக இருக்கும். இது 15 என்றோ 40 என்றோ வந்திருந்தால் பேச்சே இல்லை, டாக்டர் மாத்திரை எழுதிவிடுவார். 5.8 தான் தொல்லை. நோய் என்றும் சொல்லிவிட முடியாது, இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்றுதான்: "டாக்டர்கிட்ட காட்டுங்க." சரியான பதில்தான். ஆனால் அந்த எண்ணைப் படிக்க டாக்டருக்குத் தேவைப்படுகிற பாதி விஷயம் ரத்தம் எடுக்கும் நாற்காலியில்தான் தெரியவரும், ரிப்போர்ட்டில் அதற்கு இடமே கிடையாது. இத்தனை வருஷம் ஊசி பிடித்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்.

டி.எஸ்.எச். தைராய்டு சுரக்கும் ஹார்மோன் இல்லை. மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி, தைராய்டை வேலை வாங்கப் போடும் சத்தம் அது. ஆட்கள் கொஞ்சம் சுணங்கினாலே தொண்டை கிழியக் கத்துகிற மேஸ்திரி மாதிரி. ரத்தத்தில் ஃப்ரீ டி4, அதாவது புரதத்தோடு ஒட்டாமல் தனியாக மிதக்கும் டி4, பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். நூறு மடங்கு வரை ஏறும் என்பார்கள். அதனால்தான் டி4 இன்னும் வரம்புக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச். தாண்டிவிடுகிறது. டாக்டர்கள் இதை 'சப்கிளினிக்கல்' என்பார்கள். நாங்கள் எங்களுக்குள் 'பார்டர்' என்போம்.

அந்த 4.5 எங்கிருந்து வந்தது? நோயில்லாத பலரின் ரத்தத்தைப் பரிசோதித்து, நடுவில் விழும் 95 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு ஓரத்திலும் இரண்டரை இரண்டரை சதவீதத்தை வெட்டிப் போட்ட கோடு அது. ஆக, நன்றாக இருப்பவர்களிலேயே நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு 4.5-ஐத் தாண்டிக் கறுப்பாகத்தான் அடிக்கும். வயதானால் டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறுவது இயல்பு. எழுபது வயதுப் பாட்டிக்கும் இருபத்தைந்து வயதுப் பேத்திக்கும் எங்கள் மெஷின் ஒரே வரம்பைத்தான் அச்சடிக்கிறது.

இதையெல்லாம்விட நேரம் பெரிய விஷயம். டி.எஸ்.எச். ராத்திரி ஏறும், நடு இரவு தாண்டி உச்சத்துக்குப் போகும், பிற்பகலில் இறங்கிக் கிடக்கும். சாப்பிட்ட பிறகும் சற்றுக் குறையும். ஒரு டீச்சர் வந்தார், அரசுப் பள்ளியில் வேலை. காலையில் வெறும் வயிற்றோடு எங்களிடம் கொடுத்ததில் 5.9. நம்பிக்கை வராமல், அடுத்த வாரம் பள்ளி விட்டு வருகிற வழியில் வேறொரு லேபில் கொடுத்திருக்கிறார், 4.2. இரண்டு தாளையும் கவுண்டரில் விரித்துவைத்து, "ரெண்டுல ஒரு லேப்பு பொய் சொல்லுது, எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்றால் நம்புகிற மனநிலையில் அவர் இல்லை. மெஷின் வேறு, கிட் வேறு, நேரம் வேறு, வயிறு வேறு. ரிப்போர்ட்டில் 'சாம்பிள் எடுத்த நேரம்' என்று ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது. சின்ன லேபுகள் பலவற்றில் அது பில் போட்ட நேரம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

அடுத்தது முடி மாத்திரை. முடி கொட்டுகிறது என்று ஒரு இளம்பெண் வந்தாள். டி.எஸ்.எச். அடிமட்டத்தில், ஃப்ரீ டி4 உச்சத்தில். தாளைப் பார்த்தால் தைராய்டு தறிகெட்டுச் சுரக்கிற கேஸ். ஆளைப் பார்த்தால் கை நடுக்கமில்லை, படபடப்பில்லை, நாடி 72. எங்கள் பயோகெமிஸ்ட் மேடம்தான் போன் போட்டு விசாரித்தார். முடிக்கு என்று விற்கிற பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை, தினமும் 10 மில்லிகிராம். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம் சுமார். பல கிட்டுகள் பயோட்டினையும் ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதத்தையும் ஒட்டவைத்துத்தான் அளக்கின்றன. ரத்தத்திலேயே பயோட்டின் மிதந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், ஃப்ரீ டி4 பொய்யாக ஏறும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்து எடுத்ததில் எல்லாம் ஒழுங்காக வந்தது. பார்டரில் இருப்பவருக்கு இதே மாத்திரை வேறு விதமாக விளையாடும். 6 இருக்க வேண்டியது 4 என்று காட்டி, 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடும். முடி கொட்டினால் தைராய்டு டெஸ்டும் எழுதுகிறார்கள், பயோட்டினும் எழுதுகிறார்கள், சமயத்தில் ஒரே சீட்டில்.

பெரிய காய்ச்சலிலிருந்து தேறி வரும்போது டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறும். லித்தியம், அமியோடரோன் மாதிரி மருந்துகள் ஏற்றும், ஸ்டீராய்டு இறக்கும். "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டால், "இல்லைங்க, பிரஷருக்கு மட்டும்" என்பார்கள். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுவது மாத்திரைக் கணக்கில் வராது.

டாக்டர்களிலும் இரண்டு விதம். ஒருவர் 5.8-ஐப் பார்த்ததும் 25 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை பாட்டிலை எழுதிவிடுவார். இன்னொருவர் இரண்டு மூன்று மாதம் கழித்து அதே லேபில், அதே நேரத்தில் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, கூடவே ஆன்டி டி.பி.ஓ. என்ற ஆன்டிபாடி டெஸ்ட் என்று எழுதுவார். எனக்கு இரண்டாமவர்தான் பிடிக்கும். திரும்ப எடுக்கும்போது நிறையப் பேருக்குத் தானே இறங்கிவிடுகிறது. டி.பி.ஓ. ஆன்டிபாடி இருந்தால் உடம்பே தைராய்டைத் தாக்குகிறது என்று பொருள். இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் இருபது வருஷம் தொடர்ந்து பார்த்து 1995-ல் வெளியிட்டார்கள். டி.எஸ்.எச். கூடுதலாகவும் ஆன்டிபாடியோடும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றில் நான்கு பேர் சுமாருக்கு முழு ஹைப்போதைராய்டு, அதாவது தைராய்டு போதுமான அளவு சுரக்காத நோய், வந்தது. ஆன்டிபாடி இல்லாதவர்களிடம் அது கம்மி. 65 வயது தாண்டியவர்களுக்கு பார்டரிலேயே மாத்திரை கொடுத்துப் பார்த்து, அசதியிலோ மற்ற தொல்லைகளிலோ வித்தியாசம் தெரியவில்லை என்று 2017-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்றும் சொன்னது. கர்ப்பிணியானால் கதையே வேறு. அங்கே மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது, வரம்பும் வேறு. மற்றவர்களுக்கும் டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் மாத்திரைதான்.

ஆனால் நாற்காலியில் உட்காருகிற பெண்ணுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அசதிக்கு ஒரு பெயர் வேண்டும். "சும்மா படுத்தே கெடக்கறா" என்று சொல்கிற வீட்டில் காட்ட ஒரு தாள் வேண்டும். அதனால்தான் 'நார்மல்' என்றால் சில முகம் வாடுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இதே அசதியோடு வந்தவர்களின் சி.பி.சி.யையும், அதாவது ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்டையும், நான்தான் ஓட்டுகிறேன். ஹீமோகுளோபின் எட்டரை என்று வரும், அதை யாரும் கவுண்டரில் நின்று கேட்பதில்லை. ரத்தசோகை எல்லார் வீட்டிலும் இருப்பதுதானே என்று நினைப்போ என்னவோ. 5.8-க்கு மாத்திரை ஆரம்பித்துவிட்டு எட்டரையை விட்டுவிட்டால் அசதி அப்படியேதான் இருக்கும். இரும்புச் சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மாத்திரை சரியாக உடம்பில் சேராது. நடுவில் நான்கு மணி நேரம் விட வேண்டும் என்பதைச் சீட்டில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இப்போது தைராய்டு சாம்பிள் எடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறோம். ஊசி குத்திய நேரம், சாப்பிட்டாரா, என்ன மாத்திரை, சமீபத்தில் காய்ச்சலா, நாள் தள்ளியிருக்கிறதா. டைப் அடிக்கிற பெண் அதை ரிப்போர்ட்டின் கீழே குறிப்பாகச் சேர்த்துவிடுவாள். ஒரு டாக்டர் போன் செய்து, "இதெல்லாம் நீங்க எதுக்கு எழுதறீங்க?" என்று கடிந்துகொண்டார். இன்னொருவர் தன் நோயாளிகளுக்கு இந்தக் குறிப்பில்லாமல் ரிப்போர்ட் தரக்கூடாது என்கிறார்.

அந்த டீச்சர் மூன்று மாதம் கழித்துக் காலை ஏழு மணிக்கே வந்தார். 4.9, டி.பி.ஓ. இல்லை. வருஷம் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அசதிக்கு வேறென்ன காரணம் என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஃப்ரீ டி4 தனியாக எடுத்ததில் அவருக்குக் கூடுதல் செலவு. எங்கள் 'தைராய்டு பேக்கேஜ்' டி3, டி4, டி.எஸ்.எச். தான். பார்டர் கேசுக்கு டி3 ஒன்றுக்கும் உதவாது, அதை எடுத்துவிட்டு ஃப்ரீ டி4 போடலாம் என்று ஓனரிடம் கேட்டேன். அவர் போஸ்டர் அடித்தாகிவிட்டது என்கிறார். அடுத்த போஸ்டர் தை மாசம்.